மருந்துப் பெட்டி

தஞ்சாவூர்க் கடையில் எடை போட்டவர்
உரிமத்தில் அளவைக் குறித்துக்கொண்டே சொன்னார்:
இரும்புப் பெட்டி வேண்டாம்,
பீரோ வேண்டவே வேண்டாம்.
வந்த டப்பாவிலேயே இருக்கட்டும்,
டப்பா ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கட்டும்.
தீ என்று ஒன்று வந்தால்
எரிந்து போக அதற்கு வழி வேண்டும்.
இறுக்கிப் பிடித்தால்தான் வெடிக்கும்.

உத்திராபதி தலையாட்டினார்.
எனக்கு எங்கள் வீட்டுச் சண்டைகள் ஞாபகம் வந்தன.
சொல்லவில்லை.

படுகை வாழைக்குப் பன்றி வரும்.
கொள்ளிடத்து நாணலிலிருந்து குட்டிகளோடு ஏறி வரும்,
ஒரே ராத்திரியில் நாற்பது கன்று போகும்.
குண்டு போடாமல்
வானத்தைப் பார்த்து ஒரு சத்தம்,
அதற்குத்தான் துப்பாக்கி,
அதற்குத்தான் அரைக் கிலோ மருந்து.
சுடுவது அவர் வேலை.
வைத்திருப்பது என் வேலை.

சமையலறைக்குப் பக்கத்தில் முடியாது.
சாமி விளக்கு எரியும் அறையில் முடியாது.
இன்வெர்ட்டர் இருக்கும் மூலையில் முடியாது.
வீட்டில் இவ்வளவு நெருப்பு இருக்கிறதென்று
அது வந்த பிறகுதான் தெரிந்தது எனக்கு.
கடைசியில் விதைநெல் அறை, மேல்தட்டு,
கதவுக்குப் பூட்டு,
சாவி என் தாலிக்கயிற்று ஊக்கில்.
கதவில் எழுதி ஒட்டியதை யாழினி எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
ம-ரு-ந்-து. தொடாதே.
யாருக்கும்மா காய்ச்சல்?

பொய் சொல்லவில்லை அவளிடம்.
ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டே
அந்தக் கதவைக் கடந்தாள்.

அந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல்.
துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்,
ரசீதோடு திரும்பினார்.
மருந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
துப்பாக்கிக்குக் காவல் நாலு போலீஸ்.
மருந்துக்கு நான்.

அதே வாரம் மேட்டூர் நிரம்பியது.
மைக் கட்டிய ஆட்டோ படுகைத் தெருவில் வரும்போது
வாசலில் கணுக்கால் தண்ணீர்.
ரேஷன் அட்டை, பட்டா, யாழினியின் புத்தகப்பை,
உரச்சாக்கில் சுற்றிய மரப்பெட்டி.

பள்ளிக்கூடத்தில் முந்நூறு பேர்.
சத்துணவு அடுப்பு மூன்றும் எரிந்துகொண்டிருந்தன.
வராண்டாவில் வரிசையாகப் பீடி.
பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு
மைதானத்தின் கடைசியிலிருந்த சைக்கிள் கொட்டகைக்கு நடந்தேன்.
தகரத்தின் மேல் மழை.
பெட்டியைப் பெஞ்சில் வைத்து
ஐந்தாறடி தள்ளி உட்கார்ந்தேன்,
புதுச் சம்பந்தி பக்கத்தில் உட்காருவதுபோல.

வி.ஏ.ஓ. டார்ச்சோடு வந்தார்.
நகையாம்மா? இங்கே தனியா இருக்கீங்களே?
என்ன என்று சொன்னேன்.
டார்ச்சை அணைத்தார்,
அணைத்தது எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.
போகிற வழியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.
அதன்பிறகு அந்தப் பக்கம் ஒரு பீடி வரவில்லை.
உத்திராபதி மட்டும் பாதி மைதானத்தில் நின்று கத்தினார்:
சோறு கொண்டுவரவா?
ஆறட்டும், ஆறின பிறகு கொண்டுவாங்க.
அன்றைக்கு முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாலாம் நாள் வீடு திரும்பினோம்.
சுவரில் சேற்றுக்கோடு
மேல்தட்டுக்கு ஒரு சாண் உயரே ஓடியது.
விதைநெல் அறையில் ஒரு கெண்டை செத்துக் கிடந்தது.

தேர்தல் முடிந்து துப்பாக்கி வந்தது,
குழாய் வாயில் புதுத் துரு.
மருந்து நனைஞ்சிருக்கா என்று கேட்டார்.
திறந்து காட்டினேன்.
ஒரு பொடி கட்டியாகவில்லை.
இருவரும் பெட்டியைப் பார்த்தோம்,
பிறகு ஜன்னல் வழியாகப் படுகையைப் பார்த்தோம்.
வாழை நின்ற இடத்தில் மணல்,
மணல்மேல் பன்றிக் கால்தடம்கூட இல்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சுத்தியலையும் ஆணியையும் எடுத்துவந்தார்.
முதலில் பெட்டியை வெளியே வை என்றேன்.
வைத்தார்.
பிறகு தட்டைக் கழற்றி
இரண்டு முழம் மேலே அடித்தார்.